மருந்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனை ஊட்டுபவன் என மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் உண்டென்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நால்வரோடு ஐந்தாமவர் ஒருவரும் வந்து சேர்ந்துள்ளார். அவரே மருந்தின் விலையைக் கொடுப்பவர். ஓரிடத்தில் அவர் முதலாளி, ஓரிடத்தில் அரசாங்கம், மற்றோரிடத்தில் காப்புறுதிக் கழகம். நோயாளியின் நாடியை அவர் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆயினும் எது நோய், எது வெறும் சோர்வு, எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் மெல்ல மெல்ல அவர் கைக்குச் சென்றுவிட்டது.

இந்த ஐந்தாமவரின் வரலாற்றை அறிய நேயர்கள் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. ஊவா மாகாணத்தில், எல்ல முதல் பதுளை வரையும், அப்புத்தளை முதல் மடுல்சீமை வரையும் பரந்து கிடக்கும் தேயிலை மலைகளிலேயே அவ்வரலாற்றின் முக்கியமான அதிகாரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

எல்ல என்னும் ஊர் இன்று உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழிகிறது. மலையிடுக்கின் வழியே தெற்கே தாழ்ந்து செல்லும் சமவெளியையும், தெமோதரைக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் கண்டுகளிக்க உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இப்பாதை வழியாகப் புகையிரதம் பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேதான். அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே, கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கால்நடையாகவே இம்மலைகளை அடைந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடு சூழ்ந்த வடபாதை வழியே மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மேலும் மலையேறிய அவர்களில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பலியானோர் பலர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கியது 1914ஆம் ஆண்டில். அதன் பின்னரே அந்த நடைப்பயணத்தின் கொடுமை பெரும்பாலும் நீங்கியது.

நடந்து வந்து தோட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கும் நோய் விடவில்லை. மலையின் குளிர், லயத்துக் காம்பராவின் நெருக்கம், அசுத்த நீர் ஆகிய மூன்றும் அவர்களை வாட்டின. தோட்டத்தில் ஒரு தொழிலாளி நோயுற்றால் அன்றைக்குப் பெரட்டில் அவனுக்குப் ‘பேர்’ விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. தன்கீழ் உள்ள ஆட்கள் வேலைக்கு இறங்கும் கணக்குப்படி தலைக்காசு பெற்ற கங்காணிக்கும் அன்று இழப்பு. ஆகவே, ‘உடம்புக்கு முடியவில்லை’ என்று சொல்பவனை ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் தோட்டத்தில் வேரூன்றியது. நோய் என்பதைத் தொழிலாளி தானே நிலைநாட்டவேண்டும். அதுவரை அவன் சோம்பேறி.

இந்நிலையில்தான் 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்டக் குழுக்களை அமைத்து, வைத்தியசாலைச் செலவைத் தோட்டங்களின் ஏக்கர் அளவுக்கேற்பத் தோட்டக்காரர்களிடமிருந்து பெறுவது அதன் நோக்கம். உழைப்பைப் பெறுபவர் உழைப்பவனின் நோய்க்கும் பொறுப்பேற்க வேண்டுமென்ற கொள்கை இலங்கையின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஜெர்மனியில் பிஸ்மார்க் நிறைவேற்றிய புகழ்பெற்ற நோய்க் காப்புறுதிச் சட்டம் 1883ஆம் ஆண்டிலேதான் வந்தது என்பதை எண்ணினால், இதன் காலமுந்திய தன்மை புலனாகும்.

ஆனால் ஏட்டில் எழுதிய சட்டம் மலையில் நடப்பது எளிதாக இல்லை. தங்கள் தோட்டத்திலிருந்து பல மைல் தொலைவிலுள்ள வைத்தியசாலைக்குத் தாங்கள் ஏன் வரி கட்டவேண்டுமெனத் தோட்டக்காரர் பலர் முறையிட்டனர். அக்காலத்தில் அவர்களுக்கு வேறொரு நோயும் பெருங்கவலை தந்தது. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட கோப்பி இலைநோய் மலைநாடெங்கும் பரவி, தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அதனை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் தாவர அறிஞர் 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். அதே 1880ஆம் ஆண்டில்தான் 1872இன் சட்டத்துக்குப் பதிலாக 17ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டு, தோட்டத் தொழிலாளரின் மருத்துவ ஏற்பாடுகள் அரசாங்கத்தின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தன. காலப்போக்கில் ஏக்கர் வரி மறைந்து, ஏற்றுமதிப் பொருட்களின்மீது விதித்த தீர்வை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி அழிந்து தேயிலை செழித்தபோது, கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறிய தேயிலையின் தீர்வையிலிருந்து மலைநாட்டு மருந்துக்குப் பணம் கிடைத்தது. தொழிலாளி தன் கையால் சந்தா எதுவும் கட்டவில்லை. எனினும், அவன் பறித்த கொழுந்தின் விலையிலேதான் அந்த மருந்தின் விலையும் அடங்கியிருந்தது.

1912ஆம் ஆண்டில் இவ்வேற்பாடுகள் திருத்தமான உருப்பெற்றன. அவ்வாண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரையின் கடமைகளை வரிசையாக வகுத்தது. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், தோட்டத்தில் யார் யார் நோயுற்றிருக்கின்றனர் என்பதை அறிந்து ஆவன செய்தல், மாவட்ட வைத்திய அதிகாரி பணிக்கும்போது நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிறப்பு இறப்புக்களை அறிவித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதகாலம் உணவும் உறைவிடமும் கொடுக்கவேண்டும் என்பதும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கச் செய்யவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. தமக்கெனச் சொந்தமாக மருந்துச்சாலையோ வைத்தியசாலையோ நடத்திய தோட்டங்களுக்குத் தீர்வையில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. ‘டிஸ்பென்சரி’ என்ற சொல் தோட்டத் தமிழில் நிலைபெற்றதும் இவ்வழியிலேயே.

இதற்கு ஓராண்டு முன்னதாக, 1911இல், பிரித்தானியாவில் லொயிட் ஜோர்ஜ் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளி வாரந்தோறும் நான்கு பென்சும், முதலாளி மூன்று பென்சும், அரசாங்கம் இரண்டு பென்சும் செலுத்துவது அதன் திட்டம். இவ்விரு சட்டங்களையும் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. பிரித்தானியச் சட்டம் தொழிலாளியின் மனைவி மக்களுக்கு, பேறுகாலத் தொகையைத் தவிர, வைத்தியம் எதுவும் அளிக்கவில்லை. இலங்கைச் சட்டமோ தாயையும் சேயையும் தன் வரம்புக்குள் கொண்டது. இவ்வகையில் இலங்கைச் சட்டமே விரிந்தது. ஆனால் பிரித்தானியத் தொழிலாளி தன் பெயரில் அட்டை வைத்திருந்தான். கொடுத்த சந்தாவுக்கு ஈடாகத் தன் உரிமையைக் கேட்டுப் பெற்றான். ஊவாவின் தொழிலாளிக்கு அவ்வாறு கேட்கும் நிலை இல்லை. கடமை துரைக்கும் அரசாங்கத்துக்கும் இடையே இருந்தது. தொழிலாளி அக்கடமையின் பொருளாக இருந்தானேயன்றி, அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. கங்காணியைக் கடந்து, மருந்துச்சாலைக்காரரைக் கடந்து, துரையின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே அவனுடைய நோய் நோயெனக் கருதப்பட்டது.

துண்டு முறையும் இந்நிலையை வலுப்படுத்தியது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போகமுடியாதபடி அது தொழிலாளியைக் கட்டிவைத்தது. மருந்து நன்றாகக் கிடைக்கும் தோட்டத்தைத் தேடிச் செல்லும் வழியும் அதனால் அடைபட்டது. அம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சோர்வுக்கும் நோய்க்கும் இடையிலுள்ள எல்லையை யார் வகுப்பது என்ற வினாவுக்கு மலைநாடு கண்ட மிகச் சிறந்த பாடம் கொழுக்கிப்புழுவின் கதை. மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகும் இப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும். நோயாளிக்குக் காய்ச்சல் கொதிப்பதில்லை. மேலில் புண் தோன்றுவதுமில்லை. முகம் வெளிறும், மூச்சு வாங்கும், கை கால் ஓயும். மேட்டில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாமற்போகும். இத்தகையோரைத் தோட்டத்து மேற்பார்வையாளர் எவ்வாறு அழைத்திருப்பர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசச் சுகாதாரப் பிரிவினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். நுணுக்குக்காட்டியின் கீழ் மலத்தைச் சோதித்தபோது, சோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோரிடம் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. அதுவரை சோம்பல் எனப் பெயர்பெற்றிருந்தது ஒரே நாளில் நோயாயிற்று. மருந்து உண்டவன் நன்றாக வேலை செய்வான், நன்றாக வேலை செய்தால் தோட்டத்துக்கு ஆதாயம் என்று சொல்லப்பட்ட பின்னரே தோட்டக்காரர் பலர் அதற்கு உடன்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. மருந்துக்கு இசைந்தவர்களும் மலகூடம் கட்டுவதற்குத் தயங்கினர். அதனால் மருந்துண்டு தேறியவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றனர். பணம் கொடுப்பவர் தம் கணக்கின் வழியே நோயைப் பார்த்தார். அக்கணக்குக்குப் புறம்பாக நின்ற காரணம் தீண்டப்படாமலே கிடந்தது.

இந்தப் பழங்கதை இக்காலத்துக்குப் பொருந்துமா என்று நேயர்கள் வினவலாம். நன்கு பொருந்தும். அதற்குச் சான்றாகச் செல்வ நாடுகளில் இன்று நடைபெறும் ஒரு வழக்கைக் காட்டலாம். டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் உடலில் விதைகளில் பெரும்பாலும் சுரக்கும் ஓர் ஓமோன். அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி 1935ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அத்துறையில் உழைத்த பூட்டெனாண்ட், ருசிக்கா ஆகிய இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. விதைகள் பழுதடைந்தோருக்கும், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி பாதிக்கப்பட்டோருக்கும் இச்சுரப்புக் குறையும். அப்போது தசை மெலியும், எலும்பு நலியும், இல்லற நாட்டம் குன்றும், காரணந்தெரியாத சோர்வு சூழும். குறைந்ததை மருந்தாக ஈடுசெய்வதே டெஸ்டோஸ்டிரோன் மாற்றுச் சிகிச்சை.

இச்சிகிச்சைக்கு நெடுங்காலம் பணம் செலவாகும். ஆதலால் அமெரிக்கா போன்ற நாடுகளில் நோயாளி காப்புறுதிக் கழகத்தை நாடுகிறான். கழகம் உடனே இசைவதில்லை. வெவ்வேறு நாட்களில் காலை வேளையில் எடுத்த இரு குருதிச் சோதனைகளையும், நோய்க் குறிகளைப் பற்றிய வைத்தியரின் குறிப்பையும், பல வேளைகளில் குறைவுக்கான காரணத்தையும் கேட்கிறது. அளவுக்கோட்டிலும் அறிஞர் ஒருமித்தாரில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018ஆம் ஆண்டின் வழிகாட்டியில் ஒரு டெசிலீற்றர் குருதிக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் என்று எல்லை வகுத்தது. அதே ஆண்டில் அகஞ்சுரப்பியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியோ 264 என்ற அளவை எடுத்துக்கொண்டது. 280 என்ற அளவுடைய ஒருவன் ஒரு கோட்டின்படி நோயாளி. மற்றொரு கோட்டின்படி நலமுடையவன். அவனுடைய சோர்வு இரண்டிலும் ஒன்றுதான்.

ஐந்தாமவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. முதுமையால் இயல்பாக வரும் தளர்ச்சியையெல்லாம் நோயெனக் காட்டி மருந்து விற்போர் உலகில் குறைவில்லை. இம்மருந்து குறிப்பிட்ட நோய்களால் சுரப்புக் குறைந்தவர்க்கே உரியது, வயது ஏறுவதால் மட்டும் குறைந்தவர்க்கு இதன் நன்மையும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 2015ஆம் ஆண்டில் எச்சரித்தது. வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும்; குருதியில் செவ்வணுக்களை மிகுவிக்கும். ஆகவே சோதனை வேண்டுமென்று கேட்பது தவறாகாது. கோடு ஒன்று இருக்கவே வேண்டும். அதனை வகுப்பது மருத்துவ அறிவா, செலவுக் கணக்கா என்பதே வினா. 1916இல் நுணுக்குக்காட்டி செய்த பணியை இன்று குருதிச் சோதனை செய்கிறது. துரையின் மேசையில் நடந்த விசாரணை இன்று கழகத்தின் அலுவலகத்தில் நடக்கிறது.

இலங்கையிலும் அந்தக் கோடு காலந்தோறும் இடம் மாறியது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டம், முன்னர் துரையின் கடமையாக மட்டும் இருந்ததைத் தாயின் உரிமையாக ஆக்கும் வழியில் ஒரு படி முன்னேறியது. 1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் அறவிட்ட கட்டணங்கள் நீக்கப்பட்டன. நாடெங்கும் இலவச வைத்தியம் என்பது நிலைத்த கொள்கையாயிற்று. ஆயினும் தோட்டத்துக்குள் சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே தொடர்ந்தது. தாய் சேய் நலச் சேவையும் நோய்த் தடுப்பும் கிராமங்களுக்குச் சென்றதுபோல் லயங்களுக்குச் செல்லவில்லை.

இதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களின் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. வைத்தியசாலை வேண்டும், பாதை வேண்டும், மருத்துவிச்சி வேண்டும் என்று கேட்பவனின் குரலுக்குப் பின்னால் வாக்கு இல்லையென்றால், அக்குரல் கொழும்புவரை கேட்பதில்லை. 1964இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைக் கடலின் இரு கரைகளுக்கும் பிரித்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. 1972லும் 1975லும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மருந்தின் விலையைக் கொடுப்பவர் யாரென்ற பழைய வினா மீண்டும் எழுந்தது. தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை அரசாங்கம் பிற்காலத்தில் பொறுப்பேற்றது. எஞ்சியவை தோட்டங்களோடு இருந்தன.

பணம் கொடுப்பவரே மருத்துவ அறிவைத் துணைக்கொண்டு கோடு வகுத்தால் என்ன நிகழும் என்பதற்கும் இலங்கையே உலகுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பல வணிகப் பெயர்களில் விற்ற ஒரே மருந்தை அதன் மூலப்பெயரில் மலிவாக வாங்கி, இன்றியமையாதவற்றை மட்டும் பட்டியலிடும் முறை வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்ட ஆண்டு 1977. அதே ஆண்டில் பிபிலே மறைந்தார். அந்நிறுவனத்தின் பிற்காலப் பட்டியல்களில், சிறப்பு வைத்தியரின் கண்காணிப்பை வேண்டும் மருந்துகளுக்குரிய துணைப்பகுதியில், டெஸ்டோஸ்டிரோனும் இடம்பெற்றது. தேவை என்பதற்குப் பொருள் கூறும் வேலையை வணிகரும் முதலாளியும் மட்டுமன்றி, அறிவுடையோர் வெளிப்படையாகவும் செய்யலாம் என்பதை அப்பட்டியல்கள் காட்டின.

எனினும், வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். இக்குழந்தைகளுக்கு வேண்டியது மருந்துக் குப்பியன்று. நல்ல உணவும், தூய நீரும், நலமுள்ள தாயுமே அவர்களுக்கு மருந்து. அன்று மலகூடம் எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றதுபோல, இன்று இவை நிற்கலாகாது.

ஊவாவின் இந்த நெடிய வரலாற்றைத் தொகுத்து நோக்குவோருக்கு மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, நோயாளி தன் பெயரில் உரிமை உடையவனாக இருத்தல் வேண்டும். பிறர் செய்யும் கடமையின் பொருளாக மட்டும் இருத்தல் போதாது. இரண்டாவது, சோர்வைச் சோம்பலென்று தள்ளுமுன் அதனை அளந்து பார்க்கவேண்டும்; அளவுகளையும் குறிப்புகளையும் எழுதி வைத்திருப்பவனின் முறையீடே நிற்கும். மூன்றாவது, ‘இல்லை’ என்ற விடையை எதிர்த்து மீண்டும் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். 1912ஆம் ஆண்டில் தோட்டத்துரை மறுத்தால், தொழிலாளி தானே சென்று முறையிடுதற்கு வழி அரிதாயிருந்தது. இன்று காப்புறுதிக் கழகம் மறுத்தால் மேன்முறையீடு செய்ய இடமுண்டு. அதற்கு வேண்டுவன வைத்தியரின் எழுத்தும் சோதனையின் அளவும் விடாமுயற்சியுமாகும்.

பதுளை நகரத்து அரசாங்க வைத்தியசாலையில் இன்று எல்லத் தோட்டத்துத் தாய் ஒருத்தி கட்டணமின்றி வைத்தியம் பெறலாம். அங்கு ‘உனக்காகப் பணம் கட்டுபவர் யார்?’ என்று எவரும் கேட்பதில்லை. அந்நிலைக்கு வந்து சேர இந்நாட்டுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. லயத்திலிருந்து அந்த வைத்தியசாலை வாசல்வரையுள்ள தூரத்தையும் குறைத்தல், இனி வருவோரின் வேலையாகும்.